வெறும் வெள்ளாரங்கல்

தராசின் கொக்கியிலிருந்து மெல்லிய நூலில் தொங்கி, கண்ணாடிக் குவளையின் தண்ணீருக்குள் அந்தக் கல் அசையாமல் நின்றது. பெரிய புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். ஒரு முனை உடைந்திருந்தது. இடுக்கில் ஒட்டியிருந்த வெள்ளைச் சேறு கரைந்து, புகைபோலத் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது. காற்றில் நிறுத்தபோது நான்கு புள்ளி ஒன்று இரண்டு கிராம். தண்ணீருக்குள் மூன்று புள்ளி பூஜ்யம் ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் முதல் எடையை வகுத்தேன். மூன்று புள்ளி ஏழு ஒன்று வந்தது. வகுத்ததில் பிழையோ என்று இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். அதே எண்தான். தாளை எடுத்துச் சாரிடம் நீட்டினேன்.

நான் நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் ஒரு கல்லூரியின் நிலவியல் ஆய்வகத்தில் உதவியாளர். கற்களைக் கழுவுவது, நிறுப்பது, பெயர்ச்சீட்டு ஒட்டி அலமாரியில் அடுக்குவது என் வேலை. எல்லையோரத்து ஊர்களில் எவர் மண்ணை வெட்டினாலும் ஏதாவது ஒரு கல் மினுங்கும். வெள்ளறடையிலிருந்தும் குன்னத்துகாலிலிருந்தும் மனிதர்கள் அதைக் கைக்குட்டையில் முடிந்து எங்களிடம் கொண்டுவருவார்கள். பெரும்பாலும் அது குவார்ட்ஸ்தான். எங்கள் ஊர்க்காரர்கள் அதை வெள்ளாரங்கல் என்பார்கள். வெள்ளாரங்கல்லை இப்படித் தண்ணீரில் நிறுத்தால் இரண்டரைக்குச் சற்று மேலே வரும். கண்ணாடியும் ஏறக்குறைய அவ்வளவுதான். மூன்று புள்ளி ஏழு என்பது வேறு சாதி. எங்கள் பக்கத்து மண்ணில் அந்த எடைக்கும் அந்த நிறத்துக்கும் பொருந்துகிற கல் ஒன்று உண்டு. கிரைசோபெரில் என்று அதற்குப் பெயர். பெரிலியம், அலுமினியம் என்ற இரண்டு உலோகங்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகியது. உள்ளே நுண்ணிய ஊசிகள் வரிசையாகப் படிந்து பூனையின் கண்போல ஒளிக்கோடு விழுந்தால் அதை வைடூரியம் என்பார்கள். அதைவிட அபூர்வமான இன்னொரு வகையும் உண்டு. அதை நான் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்தேன்.

கல்லைக் கொண்டுவந்தவர் என் அத்தான். அக்காளின் கணவர். வெள்ளறடைக்கு அப்பால், மலையேறத் தொடங்கும் இடத்தில் அவர்கள் வீடு. மற்றவர்களுடைய ரப்பர் மரங்களில் பால் வெட்டுகிற வேலை அவருக்கு. காலை வெட்டு முடிந்த கையோடு பஸ் பிடித்து வந்திருந்தார். சட்டையில் ரப்பர்ப் பாலின் புளிப்பு வாடை. வாசல் பக்கத்து ஸ்டூலின் நுனியில், கூப்பிட்டால் எழுந்துவிடத் தயாரானவர்போல உட்கார்ந்திருந்தார்.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் துறைத்தலைவர். குன்னத்துகால்காரர். மாணவர்களிடம் மலையாளத்திலும் என்னிடம் எங்கள் ஊர்த் தமிழிலும் பேசுவார். அவருடன் பதினோரு ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். தராசு சமமட்டத்தில் இல்லை என்று தெரிந்ததும் ஒரு வகுப்பு முழுவதையும் மறுபடி நிறுக்கவைத்தவர். கல் வியாபாரி ஒருவர், சூடுபடுத்தி நிறமேற்றிய கல்லை இயற்கையானது என்று எழுதித் தரும்படி கெஞ்சியபோது, கோபப்படாமல் நாற்காலியை விட்டு எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவர். எனக்கு அவர்மீது இருந்தது மரியாதை மட்டுமல்ல. ஒரு மனிதன் இப்படியும் இருக்கலாம் என்பதற்கு என் கண்முன்னால் இருந்த சாட்சி அவர்.

அவர் தாளைப் பார்த்தார். கல்லைத் துடைத்து, மெருகேற்றிய குவார்ட்ஸ் தகட்டின்மேல் அதன் உடைந்த முனையை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். துடைத்த பிறகும் கீறல் போகவில்லை. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பிடித்தார். வெயிலில் கல் பாசிபிடித்த கிணற்றுத் தண்ணீரின் பச்சையாக இருந்தது. பிறகு மேசைக்குத் திரும்பி, பழைய நுண்ணோக்கியின் குண்டு பல்பைப் போட்டார். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் கல் சிவந்தது. மாதுளை முத்தை நசுக்கி உள்ளே ஊற்றியதுபோல, என் கண்ணெதிரே, பச்சை இருந்த இடமெல்லாம் சிவப்பு. எனக்கு வாய் திறந்துவிட்டது. சார் சட்டென்று விளக்கை அணைத்தார்.

அலெக்ஸாண்ட்ரைட். நான் புத்தகத்தில் மட்டும் பார்த்திருந்த வகை. கிரைசோபெரிலில் குரோமியம் சிறிதளவு கலந்துவிட்டால் இப்படி. பகலில் பச்சை, பழைய பல்பிலோ மெழுகுவர்த்தியிலோ சிவப்பு. வாசலில் இருந்த அத்தானுக்குச் சாரின் முதுகுதான் தெரிந்திருக்கும்.

"இது எங்கயாக்கும் கெடச்சுது?" என்று சார் கேட்டார்.

"எனக்க வீட்டுப் பொறத்த, சாரே. கக்கூஸுக்குக் குழி வெட்டினேன். எட்டடிக்குக் கீழ செம்மண்ணு தீந்து வெள்ளச் சேறு வந்துது. அதுக்க உள்ள கெடந்துது."

"வேற ஆராம் பாத்தாவளா?"

"இல்ல சாரே. நானும் எனக்க பெண்டாட்டியும் மட்டும்."

சார் கல்லைக் கையில் உருட்டினார். என் பக்கம் திரும்பவேயில்லை. "இது வெறும் வெள்ளாரங்கல்லாக்கும்" என்றார். "கொஞ்சம் நெறம் உண்டு, அவ்வளவுதான். அந்தக் குழிய மூடிப் போடுங்க. வேற எடத்துல வெட்டுங்க. கல்லு இங்க இருக்கட்டும், பிள்ளையளுக்குக் காட்டலாம்."

அத்தான் சிரித்தார். ஏமாற்றத்தை மறைக்கும் சிரிப்பு. "அதுக்கென்ன சாரே, இருக்கட்டு" என்றார். என்னிடம் கண்ணால் விடைபெற்று மூன்று மணி பஸ்ஸுக்குப் போனார். சார் கல்லை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிறகு நான் எடை எழுதிய தாளை நான்காக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் அங்கேயே நின்றிருந்தேன். குவளையில் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் சொந்த அத்தான், என் கையால் நிறுத்த கல், என் கையெழுத்தில் எழுதிய எண். ஆனால் நாக்கு எழவில்லை. வீட்டுக்குள் நம் ஆளே நம் பெட்டியைத் திறந்துகொண்டிருப்பதைப் பார்த்தால் கத்தத் தோன்றாது, நம் கண்ணைத்தான் சந்தேகிப்போம். அன்று எனக்கு அப்படித்தான் இருந்தது.

மூன்று நாள் பொறுத்தேன். அந்த மூன்று நாளும் சார் வழக்கம்போலவே வந்தார், வகுப்பெடுத்தார், என்னிடம் தேநீர் குடித்தாயிற்றா என்று கேட்டார். ஒவ்வொரு நல்ல வார்த்தையும் எனக்கு அருவருப்பாக இருந்தது. இத்தனை வருஷமும் இந்த மனிதர் நடித்தாரா, அல்லது இந்த ஒரு கல்தான் அவரைக் கெடுத்துவிட்டதா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரே அக்காள் வீட்டுக்குப் போனேன். மரச்சீனிக்கிழங்கும் மீனும் வைத்திருந்தாள். சாப்பிடாமலேயே சொல்லிவிட்டேன்.

அக்காள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "நீ அங்க வச்சே சொல்லியிருக்கப்பிடாதா?" என்றாள்.

"வாய் வரல்ல அக்கா."

அத்தானுக்குச் சார்மீது கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அவர் பின்வாசல் வழியாகக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ அங்க இன்னும் உண்டு" என்றார்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எனக்குள் ஒரு வேகம் இருந்தது. சார் மறைத்ததையெல்லாம் நான் கொட்டிவிட வேண்டும் என்ற வேகம். பின்னால் போய்க் குழியை எட்டிப் பார்த்தேன். செம்மண்ணுக்குக் கீழே, கையகலத்துக்கு மேல் தடித்த வெள்ளைப் பட்டை ஒன்று சாய்ந்து ஓடியது. அதில் காக்காப்பொன் என்கிற மைக்காவின் தகடுகள் வெயிலில் மினுங்கின. ஆதியில் உருகிய பாறை விரிசலில் ஏறி உறைந்த நரம்பு அது என்றும், காலப்போக்கில் மற்றதெல்லாம் மக்கிக் களியானாலும் இந்தக் கல் மட்டும் மக்காது என்றும், காக்காப்பொன்னும் வெள்ளைக் களியும் சேர்ந்து ஓடுகிற திக்கிலேயே மற்றவையும் இருக்கும் என்றும் சொன்னேன். ஒரு குச்சியால் தரையில் கோடுகூடப் போட்டுக் காட்டினேன். தெற்கே. அத்தான் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். அந்த வெள்ளைக் களியை ஆய்வகத்தில் எத்தனையோ முறை கழுவியிருக்கிறேன். ஈரம் பட்டால் அது சோப்புபோல வழுக்கும், பிடிமானமே இராது என்பது என் உள்ளங்கைக்குத் தெரியும். அதை நான் சொல்லவில்லை. மறைக்கவில்லை. நினைவுக்கே வரவில்லை.

துலாமழை என்று எங்கள் பக்கம் சொல்லும் ஐப்பசி மழை தொடங்கியிருந்த நேரம். மதியத்துக்கு மேல் இடி இடித்து ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்துவிடும். அத்தான் காலையில் பால் வெட்டிவிட்டு வந்து குழிக்குள் இறங்குவாராம். அக்காள் மேலே நின்று கூடையை இழுத்துக் கொட்டுவாளாம். பத்தடி ஆனதும் அவர் நேரே கீழே போவதை நிறுத்திவிட்டு, நான் காட்டிய கோட்டின் திக்கில் பக்கவாட்டில் குடையத் தொடங்கினார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த வாரம் அக்காள் போனில் பேசியபோது, "வேல நடக்குது" என்று மட்டும் சொன்னாள். நானும் மேலே கேட்கவில்லை. சாரின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அத்தான் ஒரு கல்லோடு வந்து இவர் மேசையில் வைக்கும் நாளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறு வியாழக்கிழமை காலை, முதல் வகுப்புக்குக் கற்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அக்காள். முதலில் மூச்சிரைப்புதான் கேட்டது. பிறகு, "மக்கா, மண்ணு எறங்கிற்று" என்றாள். "அவரு உள்ள ஆக்கும்."

என் கையிலிருந்த தட்டு எப்போது விழுந்தது என்று தெரியாது. தரையெல்லாம் கற்கள். சத்தம் கேட்டுச் சார் உள்ளறையிலிருந்து வந்தார். என் முகத்தைப் பார்த்தார். "குழியா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அந்த ஒரு சொல்லில் எனக்குள் எல்லாம் இடம் மாறியது. இந்த மனிதர் இதைத்தான் எதிர்பார்த்திருந்தார்.

அவருடைய காரில் போனோம். அமரவிளை தாண்டி, ரப்பர் தோட்டங்களுக்கிடையே மேலேறி, வெள்ளறடை சந்தியில் ஒரு பஸ் குறுக்கே நின்றபோது அவர் ஸ்டியரிங்கைக் கையால் அடித்தார். அதற்கு முன் அவர் எதையும் அடித்து நான் பார்த்ததில்லை. வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எந்தப் பக்கமாக் கொடஞ்சாரு?"

"தெக்க" என்றேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. தலையை மட்டும் அசைத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுப் பின்புறம் ஊரே கூடியிருந்தது. குழி இருந்த இடத்தில் ஒரு பள்ளம், சேறு. விளிம்பில் பத்துப் பதினைந்து பேர் நின்று மண்வெட்டியால் கொத்திக்கொண்டிருந்தார்கள். யாரோ ஜேசிபியைக் கூப்பிட்டு அது சரிவில் ஏறிக்கொண்டிருந்தது. அக்காள் சேற்றில் மண்டியிட்டு இரண்டு கையாலும் வாரிக்கொண்டிருந்தாள். சார் ஓடிப்போய் ஜேசிபியின் முன்னால் கையை விரித்து நின்றார். அந்த மெலிந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று நான் நினைத்ததில்லை.

"எல்லாரும் பின்னால மாறுங்க! உங்க பாரத்துலயே மிச்சமும் எறங்கும்! மாறுங்க மக்களே!"

அது மலைச்சரிவைத் தட்டுத் தட்டாக வெட்டிய நிலம். வீடு மேல்தட்டில். தெற்கே ரப்பர் மரங்கள் நின்ற அடுத்த தட்டு பன்னிரண்டடி கீழே. சார் கீழ்த்தட்டுக்குச் சறுக்கி இறங்கி, மண்சுவரைக் கையால் தடவிக்கொண்டே நடந்தார். வெள்ளைக் களி லேசாகத் தலைகாட்டிய ஓரிடத்தில் நின்றார். காதை வைத்தார். "இங்க" என்றார். "இங்கருந்து ஆறடி, கூடினா ஏழடி. பலக வேணும். ரப்பர்த் தடி இருந்தா வெட்டிக் கொண்டு வாருங்க. ஒவ்வொரு அடிக்கும் முட்டுக் கொடுத்திட்டுத்தான் அடுத்த அடி." தீயணைப்புக்காரர்கள் வந்து சேர்ந்தபோது இரண்டடி போயிருந்தது. அவர்களில் மூத்தவர் சாரிடம் நாலு வார்த்தை பேசினார், பிறகு தன் ஆட்களை அதே வழியில் இறக்கினார். நான்காவது அடியில் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. முனகலா, மண் நெகிழும் சத்தமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அக்காள் மட்டும், "அவராக்கும்" என்றாள்.

மதியம் தாண்டி, மழை இருட்டிக்கொண்டு வரும்போது அத்தானை வெளியே எடுத்தார்கள். தலையும் மார்பும் ஒரு பொந்துபோன்ற இடைவெளியில் தப்பியிருந்தன. வலது கால் ஒரு பாறைக்கும் மண்ணுக்கும் நடுவில். முகமெல்லாம் வெள்ளைச் சேறு. கண் மட்டும் திறந்திருந்தது, யாரையும் பார்க்காமல். அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. பெரிய ஆஸ்பத்திரியின் வராந்தாவில் கையெழுத்துப் போட அக்காளைக் கூப்பிட்டபோது, அவள் நகங்களில் இன்னும் களி இருந்தது.

அந்த வராந்தாவில்தான் சார் பேசினார். மரப்பெஞ்சில் அக்காள் நடுவில், நாங்கள் இருபுறமும்.

"நான் படிச்சு முடிச்ச புதுசு. எங்க ஊருல ஒருத்தரு ஒரு கல்லக் கொண்டுவந்து காட்டினாரு. நல்ல கல்லு. நான் பெருமையாச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு மாசம் ஆவல்ல. அவரும் அவருக்க தம்பியும் குழிக்க உள்ள போனவிய வரல்ல. அவருக்க அம்மை எனக்க கையப் பிடிச்சு, நீயாக்கும் மக்கா சொன்னதுண்ணு மட்டும் சொன்னா. அதுக்குப் பெறவு நான் ஆருகிட்டயும் உள்ளதச் சொன்னதில்ல. எது வந்தாலும் வெள்ளாரங்கல்லுண்ணு சொல்லி வாங்கி வச்சிருவேன்."

"எல்லாருகிட்டயுமா?" என்று கேட்டேன்.

"எல்லாருகிட்டயும்."

மறுநாள் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து எனக்குக் காட்டினார். ஒன்பது காகிதப் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கல், ஊர், பேர், கிடைத்த ஆழம், சரியான எடை, சரியான பெயர். அத்தானுடையதைத் தவிர மற்றதையெல்லாம் என் கையில் தராமல் அவரே நிறுத்திருந்தார். ஒன்றில் ஒளிக்கோடு ஓடும் வைடூரியம். இன்னொன்றில் மூன்று படிகங்கள் ஒட்டி வளர்ந்து சக்கரம்போல ஆறு பக்கத்துடன் நின்றது. ஒன்றைக்கூட அவர் விற்கவில்லை, யாருக்கும் கொடுக்கவில்லை. என் கையெழுத்துத் தாளும் அங்கே மடித்தபடி இருந்தது. நான் அவரைத் திருடன் என்று நினைத்த அதிர்ச்சியைவிட, அவர் திருடன் இல்லை என்ற இந்த அதிர்ச்சி பெரிதாக இருந்தது. திருடன் என்றால் வெறுத்துவிட்டுப் போய்விடலாம். தன் ஒருவருடைய மனதுக்குள்ளேயே ஒன்பது குடும்பங்களுக்குத் தீர்ப்பெழுதி, அதை நாள்தோறும் சுமந்துகொண்டு, எனக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்த மனிதரை என்ன செய்வது?

ஆனால் முந்தைய நாள் அக்காள் வராந்தாவில் சொன்னதை முதலில் எழுதியிருக்க வேண்டும். சார் சொல்லி முடித்ததும் அவள் அவர் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"எங்க மண்ணுல கெடச்சதுக்கு எங்ககிட்டயே பொய் சொல்ல நீங்க ஆரு சாரே? இன்ன கல்லு உண்டு, எடுக்கப் போனா மண்ணு எறங்கும்ணு சொல்லியிருந்தா அவரு கேட்டிருப்பாரு. கேக்கல்லேண்ணா நான் பிடிச்சு நிறுத்தியிருப்பேன். நானாக்கும் கூடைய இழுத்தது. எனக்கு அறியாது."

நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னை விடவில்லை.

"நீயும் பாதியாக்கும் சொன்னது. கல்லச் சொன்ன. மண்ணச் சொல்லல்ல."

அவள் அதைத் திட்டாகச் சொல்லவில்லை. சொன்ன கையோடு என் தோளில் சாய்ந்து அழுதாள். ஆனால் இத்தனை வருஷத்தில் நான் கேட்ட வார்த்தைகளில் அதைப்போல என்னை நிறுத்திப்போட்டது வேறில்லை.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். அனுமதி இல்லாமல் தோண்டியது குற்றம் என்றார்கள். அதன்பின் சாரும் நானும் சனிக்கிழமைகளில் அந்த டப்பாவோடு கிளம்பினோம். குன்னத்துகால், கள்ளிக்காடு, வெள்ளறடை. அவர் ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் நின்று, "நான் அண்ணு உங்ககிட்ட பொய் சொன்னேன்" என்று தொடங்குவார். கல்லின் உண்மையான பெயரைச் சொல்வார். பிறகு மண்ணைப் பற்றிச் சொல்வார், அனுமதி வாங்காமல் தொடக்கூடாது என்பார், அத்தானின் காலைப் பற்றிச் சொல்வார். ஒருவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். ஒருவர் சாரின் சட்டையைப் பிடித்தார், நான் நடுவில் புகுந்தேன். கள்ளிக்காட்டில் ஒரு வீட்டில், கொண்டுவந்தவர் இறந்து போயிருந்தார். அவருடைய மகள் கல்லைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்பா சாவுறது வரைக்கும் இது வேற என்னமோதான்னு சொல்லிட்டிருந்தாரு. நாங்க எல்லாரும் கேலி பண்ணினோம்" என்றாள். அங்கிருந்து திரும்பும் வழியில் சார் காரை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி, நெய்யாற்றைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

கடைசிப் பொட்டலம் அக்காள் வீட்டுக்குரியது. அத்தான் அப்போது கட்டிலில் சாய்ந்து உட்காரத் தொடங்கியிருந்தார். மழைக்காலத்து மாலை, ஐந்தரை மணிக்கே வீட்டுக்குள் மங்கல். சார் கல்லை அவர் உள்ளங்கையில் வைத்தார். "செவக்கும்ணு சொன்னியளே, செவக்கல்லியே" என்றார் அத்தான். மேலே எரிந்தது எல்இடி பல்பு. அந்த வெளிச்சத்தில் அது அவ்வளவாக நிறம் மாறாது. அக்காள் போய் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்திக்கொண்டு வந்து விளக்கை அணைத்தாள். கல் சிவந்தது. அத்தான் அதைத் தன் முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். கண் இமைக்கவில்லை. அவர் கதறுவார், வீசி எறிவார் என்று பயந்தேன்.

"என்னா ஒரு சேலு!" என்றார். அழகு என்று அர்த்தம். பிறகு போர்வைக்குள் கால் இல்லாத இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

சார் அந்த ஆண்டே வடக்கே ஒரு கல்லூரிக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டார். போவதற்கு முன் என்னிடம் அதிகம் பேசவில்லை. தராசைத் துடைத்து, சமமட்டம் பார்த்து, "சரியா இருக்கு" என்று மட்டும் சொன்னார். இப்போதும் ஆட்கள் கல்லோடு வருகிறார்கள். புதிய துறைத்தலைவர் பெயரைச் சொல்கிறார். ஆட்கள் படியிறங்குவதற்குள் நான் பின்னாலேயே போய், எந்த மண்ணில் கிடைத்தது என்று கேட்டு மிச்சத்தைச் சொல்கிறேன். சிலர் நின்று கேட்கிறார்கள். சிலருக்குப் பஸ் வந்துவிடுகிறது.

போன துலாமழைக்கு முன்னால் அக்காள் போன் செய்தாள். பக்கத்து வீட்டு வளவில் இரண்டு சகோதரர்கள் குழி வெட்டத் தொடங்கிவிட்டார்களாம். அத்தான் விஷயம் கேட்டதும் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனவர் திரும்பவில்லையாம். நான் கிடைத்த ஆட்டோவில் ஏறிப் போனேன். போய்ச் சேர்ந்தபோது அவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஒரு கால் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. முழங்காலோடு நின்றுபோன மற்றதை வேட்டியை விலக்கி வெயிலில் நீட்டி வைத்திருந்தார். குழிக்குள் நின்ற இளையவனால், அவரைத் தாண்டாமல் மேலே ஏறவும் முடியவில்லை, வேலையைத் தொடரவும் முடியவில்லை.

"கல்லு உண்டு மக்கா. இல்லேண்ணு நான் சொல்லமாட்டேன்" என்று அத்தான் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "நல்ல கல்லு. பச்சையாட்டு இருக்கும், திரிவெளிச்சத்துல செவக்கும். நான் கண்டாச்சு. நீ இதையும் காணு." காலைத் தட்டிக் காட்டினார். "ரெண்டையும் பாத்திட்டு நீயே தீருமானி. நான் இங்கதான் இருப்பேன்."

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வெயில் சாய்ந்தபோது மூத்தவன் மண்வெட்டியை எடுத்து, வெட்டிப்போட்ட செம்மண்ணைத் திரும்பக் குழிக்குள் தள்ளத் தொடங்கினான். இளையவன் ஏறிவந்தான். அத்தான் அப்போதும் எழுந்திருக்கவில்லை.

சற்றுத் தள்ளிப் போய் நின்று சாருக்குப் போன் செய்தேன். வருஷக்கணக்காகப் பேசியதில்லை. நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் குரல் அவசரமாக வந்தது.

"அவரு எந்தப் பக்கம் இருக்காரு? மேட்டுப் பக்கமா, பள்ளத்துப் பக்கமா?"

"மேட்டுப் பக்கம், சாரே."

"இப்பவே எழுப்பிப் பள்ளத்துப் பக்கம் கொண்டு வாருங்க. மேடாக்கும் எறங்குற பக்கம். எனக்கு வேண்டி நிக்க வேண்டாம், போனை வச்சிட்டு ஓடுங்க."

நான் ஓடினேன்.